வெட்கத்தால் வளரும் நோய்

சென்ற சாரல் காலத்தில், குற்றாலத்தில் நீராடித் திரும்பிய இளைஞர் ஒருவர் தென்காசியில் என்னைத் தனியே அழைத்து, தயங்கித் தயங்கி ஒரு மஸ்அலா கேட்டார். விரையில் வலியில்லாத கட்டியொன்று கையில் தட்டுப்படுகிறது. மருத்துவரிடம் காட்டினால் அவ்ரத்தை வெளிப்படுத்திய பாவம் சேருமோ என்பது அவரது ஐயம்.

சிகிச்சைக்கு அவசியமான அளவு காட்டுவது ஆகும் என்பதே மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. நோய்க்கு மருந்து செய்துகொள்ளப் பணித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். "நாளையே செல்லுங்கள்" என்றேன்.

விரைப் புற்றுநோய் அரிதானது. எனினும் பெரும்பாலும் 15 முதல் 40 வயது வரையுள்ள ஆண்களையே பற்றுகிறது. பிறக்கும்போது விரை கீழிறங்காதிருந்தோர்க்கு அபாயம் மிகுதி. வயிற்றின் பின்புறமுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் அது பரவக்கூடும்.

பரவியதை அறிவது எங்ஙனம்? இப்புற்றணுக்களில் பல, ஏ.எஃப்.பி., ஹெச்.சி.ஜி. என்னும் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. பின்னது, கருவுற்ற தாய்மாரிடம் ஊறும் அதே ஹார்மோனே. ஒரு பொருளை மட்டுமே தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் பெருக்கும் வழியை 1975இல் கண்ட கோலர், மில்ஸ்டைன் இருவரும் 1984இல் நோபல் பரிசு பெற்றனர். எதிர்ப்பொருளுக்குக் கதிரியக்க அயோடினால் அடையாளமிட்டு உடலில் செலுத்தி, அது குவியுமிடத்தைப் படமெடுக்கும் முயற்சிகள் 1970களின் இறுதியிலும் 1980களிலும் நடந்தன.

இன்று இடத்தைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். ஆயினும் இரத்தச் சோதனையில் அடையாளமிட்ட எதிர்ப்பொருள்களே அப்பொருள்களின் நுண்ணிய அளவையும் காட்டித் தருகின்றன. விரையை அகற்றியபின் ஹெச்.சி.ஜி. ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள்ளும், ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாளிலும் பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிடில், பகை எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். எல்லாக் கட்டிகளும் இவற்றைச் சுரப்பதில்லையாதலால், இரத்தம் மட்டும் முழுச் சான்றாகாது.

பரவியிருப்பினும் அஞ்ச வேண்டியதில்லை. 1970களில் வந்த சிஸ்பிளாட்டின் மருந்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். தொடக்கத்திலேயே கண்டால் 100க்கு 95 பேருக்கு மேல் பிழைக்கின்றனர். ஒரு விரை அகற்றப்பட்டாலும் மற்றொன்று நலமாயிருப்பின் இல்லறமும் மக்கட்பேறும் பெரும்பாலும் தடைபடுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

அந்த இளைஞர் அறுவை முடிந்து, அளவு இறங்கிய சீட்டோடு ஒரு ஜும்ஆவன்று வந்து ஸலாம் உரைத்தார். அல்ஹம்துலில்லாஹ்!

பெற்றோரே! நாணம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் உயிர் அல்லாஹ்வின் அமானிதம். இதனைப் பருவமெய்திய உங்கள் மைந்தர்க்கு எடுத்துரையுங்கள்.