வராத பதில் மூளைக்குள் என்ன செய்கிறது?

16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடைசெய்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த களுவாஞ்சிகுடித் தாய் ஒருவர் கேட்கிறார்: “மகள் ஓ.எல். எடுக்கப் போறா. எந்த நேரமும் போன்தான். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் விடலாம்?”

ஆய்வாளர்களும் நெடுங்காலம் மணித்தியாலத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2019 இல் ஏமி ஓர்பனும் அண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை அலசினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மனநலம் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் திரைப் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம் என்று வந்தது. அப்படியானால் ஆபத்தே இல்லை என்று சிலர் எழுதினார்கள். அதுவும் அவசரம். சராசரி எடுத்தால் நொந்துபோகும் பிள்ளையும் எதுவும் ஆகாத பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுவார்கள். எவ்வளவு நேரம் என்பதைவிட அந்த நேரத்தில் பிள்ளை எதற்குக் காத்திருந்தது என்பதே முக்கியம் என்பது என் கட்சி.

‘டோபமின் போதை’ என்ற பேச்சு இப்போது ரியூசன் வகுப்பு வாசல்வரை வந்துவிட்டது. லைக் விழுந்தால் டோபமின் சுரக்கும், இன்பம் வரும், பிள்ளை அடிமையாகும் என்று யூடியூப்பில் அடித்துச் சொல்கிறார்கள். டோபமினைச் சுரக்கும் மூளைச் செல்கள் செய்யும் வேலை இதைவிட எவ்வளவோ நுட்பமானது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனையைச் செலுத்தி, ஒவ்வொரு டோபமின் செல்லின் துடிப்பையும் தனித்தனியே பதிவுசெய்தார். பீட்டர் டயான், ரீட் மொன்டேக் ஆகியோருடன் 1997 இல் ‘சயன்ஸ்’ இதழில் அதன் பொருளை விளக்கினார்.

குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழரசம் விழுந்தால் செல் படபடவெனத் துடிக்கிறது. முதலில் விளக்கு, பிறகு பழரசம் என்று பழக்கிவிட்டால் அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம்மாறிவிடுகிறது. பழரசம் விழும்போது செல் அலட்டிக்கொள்வதேயில்லை. இனிமேல் வருவதுதான் எனக்கு எப்போதும் வியப்பூட்டும் கட்டம். விளக்கு எரிகிறது, பழரசம் வரவில்லை. சும்மா இருக்கும்போதும் செக்கனுக்குச் சில தடவை துடித்துக்கொண்டேயிருக்கும் அந்தச் செல், பழரசம் வந்திருக்க வேண்டிய கணத்தில் சட்டென்று ஓய்ந்துவிடுகிறது. வெளியே சத்தமில்லை, வெளிச்சமில்லை. நடக்காமல்போன ஒன்றை அந்த நரம்புச் செல் நேரம் பிசகாமல் குறித்துக்கொள்கிறது.

மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துப் பக்கம் வீச்சுவலை எறிபவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீச்சில் நாலு மணலை மீன் பட்டால் மனம் குளிரும். அடுத்தடுத்த வீச்சிலும் நாலு நாலாகப் பட்டால் நாலு சாதாரணமாகிவிடும். பிறகு இரண்டு வந்தால், வலையில் மீன் இருந்தும் நட்டம்போலத் தோன்றும். ஈயக்குண்டுகள் அடியில் அமர்ந்து கயிறு கைக்கு வரும் அந்தச் சில விநாடிகள்தான் செல் கணக்குப் பார்க்கும் நேரம். இந்த வாவிக்கு ஓர் உரிமையாளர் இருப்பதாகவும் நினையுங்கள். யார் எந்நேரம் வலை எறிகிறார் என்று அவர் குறித்துவைக்கிறார். பாலமீன்மடு முகத்துவாரத்தை நினைத்தபோது திறந்து கொஞ்சம் இறாலை உள்ளே விடுகிறார். ஒருவர் அலுத்துப்போய்த் தோணியைக் கரைக்குத் திருப்பும்போது அவர் பக்கமாக ஒரு கொடுவாயை ஓட்டிவிடுகிறார். தோணியில் இருப்பவருக்கு வயது பதினான்கு. தளங்களின் பரிந்துரை நிரல்தான் அந்த உரிமையாளர்.

மனிதரிடமும் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். 2014 இல் லண்டனில் ரொப் ரட்லெஜ் குழுவினர் ஒரு போன் விளையாட்டின் மூலம் 18,000க்கும் அதிகமானவர்களின் மகிழ்ச்சியை அளந்தார்கள். எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, எதிர்பார்த்ததற்கு மேலா கீழா என்பதே கணநேர மகிழ்ச்சியைத் தீர்மானித்தது. லைக் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் பெரியவர்களைவிட இளையவர்களைக் கூடுதலாக ஆட்டுகிறது என்று 2024 இல் அம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வட்ஸ்அப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அனுப்பிய செய்தியில் இரண்டு நீலச் சரி விழுகிறது. மேலே ‘டைப்பிங்’ என்று வருகிறது. பிறகு அது மறைந்துவிடுகிறது, பதில் வரவில்லை. ஷுல்ட்ஸின் விளக்கும் பழரசமும் இதுவேதான். யாரும் திட்டவில்லை, கேலிசெய்யவில்லை, ஆனாலும் பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. “ஒன்றுமில்லை” என்று அது சொல்வது பொய்யல்ல. நடந்தது ஒன்றுமில்லைதான்.

போன் பெருகப் பெருக இளையோர் மனநலம் சரிந்தது என்று காட்டும் அமெரிக்க வரைபடங்களை அப்படியே இங்கே ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது 1995 இல், முகநூல் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டு முன்னால். அதிநச்சுப் பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது இறங்கியது. கைகளில் போன்கள் பெருகிய ஆண்டுகளிலும் அந்த உச்சத்துக்குத் திரும்பவில்லை. அதோடு, இங்கே போன் வெறும் பொழுதுபோக்கும் அல்ல. குவைத்திலோ சவூதியிலோ வேலைசெய்யும் தாயின் முகத்தை வாகரையில் ஒரு பிள்ளை காண்பது போன் திரையில்தான். எஜமானர் வீட்டு வேலை முடியாமல் வெள்ளிக்கிழமை அழைப்பு வராதபோதும் அதே செல்கள்தான் ஓய்கின்றன. இந்தப் பிள்ளையிடமிருந்து போனைப் பறித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியச் சட்டத்தில் விடையில்லை.

களுவாஞ்சிகுடித் தாய்க்கு: மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மகள் யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறா என்று கேட்டுப் பாருங்கள். இன்ஸ்டகிராமில் லைக் எண்ணிக்கையை 2021 முதல் மறைத்துவைக்கலாம். வட்ஸ்அப்பில் நீலச் சரியையும் அணைக்கலாம், ஆனால் குழுக்களில் முடியாது. ஆகவே ரியூசன் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புள்ளிப் பட்டியலை இரவில் குழுவில் போடாதீர்கள். நித்திரை கெட்டு, சாப்பாடு குறைந்து, பிள்ளை இரண்டு கிழமைக்கு மேல் ஒதுங்கியே இருந்தால் போன் விவாதத்தை அப்படியே நிறுத்திவிட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.