கோடிக்கணக்கில் வாக்கு, கையில் பூஜ்யம்



1992-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். டெக்சாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ சுயேச்சையாகக் களமிறங்கினார். அவருக்கு விழுந்தவை ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் வாக்குகள். அதாவது, வாக்களித்த நூறு பேரில் சுமார் 19 பேர் அவர் பக்கம்! ஆனால், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

காரணம் என்ன? அங்கே பெரும்பாலான மாநிலங்களில், முதலிடம் பிடிப்பவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும். பெரோவின் ஆதரவோ நாடெங்கும் சிதறிக் கிடந்தது. 1968-இல் போட்டியிட்ட ஜார்ஜ் வாலஸ் அவரைவிடக் குறைந்த விழுக்காடுதான் பெற்றார். ஆனாலும் ஆதரவு தென்பகுதியில் குவிந்திருந்ததால் 5 மாநிலங்களை வென்றார்.

சரி, இரு பெரிய கட்சிகளையும் சாராத மூன்றாம் அணி வேட்பாளர் ஒருவர் ஜெயித்தே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? நிதி ஒதுக்குவதும் சட்டம் இயற்றுவதும் நாடாளுமன்றமான காங்கிரஸ்தான். அதிபர் ஒரு மசோதாவை நிராகரித்தாலும், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதைச் சட்டமாக்கிவிடலாம். அமைச்சர்களையும் நீதிபதிகளையும் நியமிக்க செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். காங்கிரஸில் தன் கட்சிக்காரர் யாருமே இல்லாத அதிபர், ஒவ்வொன்றுக்கும் மற்ற இரு கட்சிகளின் கதவைத்தான் தட்ட வேண்டும்.