பத்து காஜாவிலிருந்தே சிசிஎன்ஏ எழுதலாம்: செலவு எவ்வளவு, வழி என்ன?

எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்குக் கணினியில் ஆர்வம் என்றால் நம் வீடுகளில் வழக்கமாக இரண்டு யோசனைகள்தான் வரும். ஒன்று, பிடிபிடிஎன் கடன் எடுத்து டிப்ளோமாவில் சேர்ப்பது. மற்றொன்று, ஈப்போவில் கைப்பேசி பழுது பார்க்கும் கடைக்கு வேலைக்கு அனுப்புவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் கணினி நெட்வொர்க் துறையின் தொழில்முறைச் சான்றிதழ். பத்து காஜா, பூசிங், தஞ்சோங் துவாலாங் வட்டாரப் பெற்றோர்களில் பலர் இதன் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை, தங்கும் விடுதி என எங்கெல்லாம் பத்துக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவோ, அங்கெல்லாம் அந்தப் பேச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. அந்த வேலை தெரியும் என்பதற்கு உலகம் முழுவதும் ஏற்கப்படும் ஆதாரங்களில் ஒன்று, சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ. அதற்கு மேற்படி சிசிஎன்பி. அதற்கும் மேலே சிசிஐஇ.

சிசிஎன்ஏ எழுதப் பட்டமோ டிப்ளோமாவோ கேட்பதில்லை. எஸ்பிஎம் முடிவு எப்படி இருந்தாலும் எழுதலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

தேர்வுக்கு 120 நிமிடங்கள். பாடம் ஆறு பகுதிகள். நெட்வொர்க் அடிப்படை 20 விழுக்காடு, கருவிகளை இணைப்பது 20, ஐபி வழித்தடங்கள் 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, தானியங்கி முறைகள் 10.

கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் ‘சப்நெட்’ கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு நெட்வொர்க்கில் 256 முகவரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் ஒரே கூட்டமாக விட்டால் ஒரே இரைச்சல். அதனால் கிராணியார் தோட்டத்தை லயம் லயமாகப் பிரித்து வீட்டு எண் போடுவதுபோல, இந்த 256 எண்களை நான்கு லயங்களாகப் பிரிக்கிறோம். லயத்துக்கு 64 எண்கள். அதில் முதல் எண் அந்த லயத்தின் பெயர். அதை எந்த வீட்டுக்கும் கொடுக்க முடியாது. கடைசி எண் பெரட்டு மணி மாதிரி. அதற்கு அனுப்பும் செய்தி அந்த லயத்தில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். இரண்டையும் கழித்தால் கருவிகளுக்கு மிஞ்சுவது 62. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குச் செய்தி போக வேண்டுமானால் வாசலில் நிற்கும் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ரயில் பாதை பிரியும் இடத்தில் எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று தீர்மானிப்பவரின் வேலைதான் ரவுட்டருக்கும்.

இதைத் தமிழில் ஒருமுறை சரியாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறக்காது. தடையாக இருப்பது அறிவு அல்ல. வேறு மூன்று உள்ளன.

முதல் தடை: கட்டணம்

சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். மாற்று விகிதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 1,200 ரிங்கிட், அதற்கு மேல் வரி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ஆக, ஒரு தேர்வுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடும். தோல்வியடைந்தால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் மறுபடியும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். சிசிஎன்பி என்றால் இரண்டு தேர்வுகள். முதன்மைத் தேர்வு 400 டாலர், விருப்பத் தேர்வு 300 டாலர்.

படிப்பதற்கோ பணம் தேவையில்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் அடிப்படைப் பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். யூடியூப்பில் ‘ஜெரமிஸ் ஐடி லேப்’ ஒளியலை சிசிஎன்ஏ பாடம் முழுவதையும் ஆங்கிலத்தில் இலவசமாகவே தருகிறது. அகாடமியாகப் பதிவு பெற்ற கல்லூரியில் சிசிஎன்ஏ பாடங்கள் மூன்றையும் முடித்து, தகுந்த மதிப்பெண் எடுக்கும் மாணவருக்குத் தேர்வுக் கட்டணத்தில் கழிவும் உண்டு. பாலிடெக்னிக்கிலோ தொழில்திறன் கழகத்திலோ படிக்கும் பிள்ளைகள், தங்கள் கல்லூரி இந்த அகாடமியில் சேர்ந்திருக்கிறதா என்று விரிவுரையாளரிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி எச்ஆர்டி கார்ப். சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ள துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி நிதியாகச் செலுத்த வேண்டும். அந்த நிதி தொழிலாளர்களின் பயிற்சிக்காகவே இருக்கிறது. நம்மவர்கள் அதைக் கேட்பதில்லை. உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் தடை: பயிற்சிக் கருவி

உண்மையான ரவுட்டரும் சுவிட்சும் வாங்கிப் பழக நம்மால் முடியாது. தேவையும் இல்லை. அகாடமியில் பதிந்தவர்களுக்கு ‘பாக்கெட் டிரேசர்’ மென்பொருள் இலவசம். ரவுட்டரை இழுத்து வைக்கலாம், கம்பியைச் சொருகலாம், கட்டளை கொடுக்கலாம், தப்பாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். சாதாரண மடிக்கணினியே போதும். சிசிஎன்பி நிலைக்குப் போகும்போதுதான் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி போன்ற இலவச மென்பொருள்களும், அவற்றைத் தாங்கும் அளவுக்கு நினைவகம் உள்ள கணினியும் வேண்டும்.

வீட்டில் மடிக்கணினியோ இணையமோ இல்லையென்றால், நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இயங்கும் நாடி மையங்களில் பக்கத்தில் எது என்று பாருங்கள். முன்பு பெடி என்று அழைக்கப்பட்டவைதான் இவை.

மூன்றாம் தடை: மொழியும் தனி அறையும்

தேர்வு ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய்ப் பள்ளியில் முடித்த பிள்ளைக்கு இது பயம் தருவது இயல்பு. ஆனால் இதில் இலக்கிய ஆங்கிலம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் தொழில்நுட்பச் சொற்கள்தான். கருத்தைத் தமிழ் விளக்கக் காணொளிகளில் புரிந்துகொண்டு, பயிற்சிக் கேள்விகளை மட்டும் ஆங்கிலத்தில் செய்தால் பழகிவிடும்.

தேர்வைப் பியர்சன் வியூ மையத்தில் எழுதலாம், அல்லது வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதலாம். வீட்டில் எழுதினால் தனி அறை வேண்டும். இடையில் யாரும் உள்ளே வரக்கூடாது, இணையம் அறுபடக்கூடாது. இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு இது சாதாரண விஷயமல்ல. பக்கத்து வீட்டு அத்தையின் மேல்மாடி அறையாவது, சங்கக் கட்டடத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையாவது அந்தக் காலைப்பொழுதுக்குக் கிடைத்தால் போதும்.

சமூகம் என்ன செய்யலாம்?

நெட்வொர்க்கிங் அகாடமி பிறந்த கதையே இதற்கு வழி காட்டுகிறது. 1990களில் சிஸ்கோ அமெரிக்கப் பள்ளிகளில் நெட்வொர்க் அமைத்துக் கொடுத்தது. ஆனால் அதைப் பராமரிக்கப் பள்ளிகளில் ஆள் இல்லை. ஜார்ஜ் வார்ட் என்ற பொறியியலாளர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கே கற்றுக் கொடுத்தார். அதுதான் 1997இல் அகாடமியாக ஆனது. பள்ளியின் நெட்வொர்க்கைப் பள்ளிப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

அதையே இங்கேயும் செய்யலாம். ஐந்து பிள்ளைகள், வாரத்தில் இரண்டு மாலைகள், கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி அறையோ ஓர் இடம், துறையில் வேலை செய்யும் ஓர் அண்ணனோ அக்காவோ. தினமும் இரண்டு மணி நேரம் உழைத்தால் ஆறு மாதத்தில் தேர்வுக்குத் தயாராகலாம். ஐந்து பேருக்கும் தேர்வுக் கட்டணம் சுமார் 6,000 ரிங்கிட். அதை முதலிலேயே கொடுக்க வேண்டாம். மாதிரித் தேர்வுகளில் மூன்று முறை நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு மட்டும் கட்டுங்கள். தேறியவர் அடுத்த ஐந்து பேருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அவர் திருப்பிக் கட்டும் கடன்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ‘கேள்விகளை முன்கூட்டியே தருகிறோம், தேர்ச்சி உறுதி’ என்று பணம் கேட்பவர்கள் இணையத்தில் நிறைய. பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதத் தடையும் வரலாம். பிடிபடாவிட்டாலும், நேர்காணலில் ஒரு சுவிட்சை முன்னால் வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சான்றிதழ் கிடைத்த மறுநாளே பெரிய சம்பளம் வந்துவிடாது. முதல் வேலை கேபிள் இழுப்பதாகவும் இருக்கலாம். சான்றிதழும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் சிசிஎன்பியின் முதன்மைத் தேர்வில் தேறினால் சிசிஎன்ஏவும் தானாகப் புதுப்பிக்கப்படும். ஆக, படிப்பை நிறுத்தாதவருக்குத்தான் இந்தத் துறை.

கெல்லிஸ் காசலுக்குக் கல் சுமந்தவர்கள் நம் முன்னோர்கள். அந்த மாளிகைக்கு வரைபடம் போடும் இடத்தில் அவர்கள் இருந்ததில்லை. இன்று வரைபடம் போடும் வேலையைக் கற்றுக்கொள்ள பாடம் இலவசம், கருவி இலவசம். குறைவது 1,200 ரிங்கிட்டும், கதவு சாத்திய ஓர் அறையும்தான். அது நம் ஊரால் முடியாத காரியமா?