விலை குறைந்தால் போதுமா?

வயிற்றை அகலமாகத் திறக்காமல், சில சிறு துளைகளின் வழியே செய்யும் அறுவை சிகிச்சையை நம்மில் பலர் அறிவோம். 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் அதுவே முதல் முறை. காயம் சிறியது, விரைவில் வேலைக்குத் திரும்பலாம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் உள்ளே பார்க்க உதவும் காமிரா, விளக்கு, திரை எல்லாம் சேர்ந்தால் பல லட்சம் ரூபாய். எனவே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உகாண்டா போன்ற நாடுகளை மனதில் கொண்டு, குழாயின் நுனியிலேயே காமிராவை வைத்து, மடிக்கணினியுடன் இணைக்கும் 'கீஸ்கோப்' கருவியை உருவாக்கினர்.

இத்தகைய மலிவான கருவியை எப்படி நம்புவது? முதலில் கோடுகள் அச்சிட்ட அட்டையைக் காட்டி, எவ்வளவு நுண்ணிய கோடு வரை தெளிவாகத் தெரிகிறது என்று அளப்பார்கள். நிறம் மாறுகிறதா, ஓரங்கள் வளைகின்றனவா என்றும் பார்ப்பார்கள். ரத்தக் குழாயையும் பித்தக் குழாயையும் பிரித்தறிய வேண்டுமே! நுனி சூடேறுகிறதா, மின்கசிவு உண்டா, கிருமிநாசினியில் பலமுறை ஊறியும் தாங்குகிறதா என்பது அடுத்த சோதனை. பிறகு மருத்துவர்கள் பயிற்சிப் பெட்டிக்குள் சிறு துண்டுகளை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். ஆகும் நேரமும் நேரும் பிழைகளும் வழக்கமான கருவியோடு ஒப்பிடப்படும். இவற்றில் தேறிய பின்பே, நோயாளியின் சம்மதத்துடன் மனித உடலில் பயன்படுத்த வேண்டும்.

சிற்றூர் மருத்துவமனைகளுக்கு மலிவான கருவி அவசியம் தேவை. ஆனால் ஏழைகளுக்குத்தானே என்று விலையைக் குறைக்கலாம். சோதனையைக் குறைக்கக் கூடாது.