ஏழாம் எண் குதிரை ஏன் முந்துகிறது?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத் தொடக்கப் பள்ளிகளில் கணித வகுப்பு சில நாட்களில் குதிரைப் பந்தயமாகிவிடும். மேசைமேல் ஒரு தாள், அதில் பன்னிரண்டு ஓடுபாதைகள், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 1 முதல் 12 வரை எண்ணிட்ட ஒரு குதிரை. இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்ததைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எதுவோ அந்த எண் குதிரை ஒரு கட்டம் நகரும். கடைசிக் கட்டத்தை முதலில் தொடுவது ஜெயிக்கும். ஆனால் பகடையைக் கையில் எடுக்கும் முன்பே, எந்தக் குதிரை ஜெயிக்கும், ஏன் ஜெயிக்கும் என்று ஒவ்வொரு குழந்தையும் எழுதிவைத்துவிட வேண்டும்.

இந்த எழுத்துதான் பாடத்தின் உயிர். ஆட்டம் முடிந்தபின் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்வது மனித இயல்பு. கைப்பட எழுதிய தாள் அதற்கு இடம் கொடுக்காது. பிறந்த தேதி என்பதற்காக ஒருவர் 3-ஐ எடுப்பார், பெரிய எண் என்பதற்காக ஒருவர் 12-ஐ எடுப்பார். முதல் எண் என்று 1-ஐப் பிடித்த குழந்தையின் குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு பகடைகளைக் கூட்டி 1 வராது என்பதை ஆசிரியர் சொல்லக் கூடாது. அந்தக் குழந்தையே கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகுதான் எண்ணிப் பார்ப்பது. ஒரு பகடை சிவப்பு, மற்றது நீலம் என்று வைத்துக்கொண்டால், விழக்கூடிய ஜோடிகள் மொத்தம் 36. அவற்றில் 7 வர ஆறு வழிகள் உண்டு. 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து. 2-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. நிறம் வேறாக இருப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. சிவப்பில் 2, நீலத்தில் 5 என்பதும், சிவப்பில் 5, நீலத்தில் 2 என்பதும் தனித்தனி நிகழ்வுகள். இதைக் குழந்தைகள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேர், 1754-இல் ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில், விளைவுகளைத் தனித்தனியாக எண்ணும் இதே போன்ற இடத்தில்தான் சறுக்கினார். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றார். சரியான விடை நான்கில் மூன்று.

இன்னொரு சங்கதியும் உண்டு. எல்லா மேசையிலும் 7 ஜெயிப்பதில்லை. ஒரு மேசையில் 6 வரும், இன்னொன்றில் 8, எப்போதாவது 4 கூட. அப்படியானால் கணக்கு பொய்யா? எல்லா மேசைகளின் உருட்டல்களையும் கரும்பலகையில் ஒன்றாகச் சேர்த்துப் போட்டால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் குன்றின் வடிவம் தெரியத் தொடங்கும். சின்ன ஆட்டத்தில் எதுவும் நடக்கலாம், நீண்ட ஆட்டத்தில் கணக்கு தலைகாட்டும். நிகழ்தகவில் எனக்குத் தெரிந்து இதைவிட முக்கியமான பாடம் இல்லை.

நியூசிலாந்தில் குழந்தைகள் ஐந்து வயதில் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே 2007-இல் வந்த பாடத்திட்டம், கணிதப் பாடத்துக்கே ‘கணிதமும் புள்ளியியலும்’ என்று பெயரிட்டு, வாய்ப்பைப் பற்றிய ஆய்வை முதல் நிலையிலேயே சேர்த்தது. இந்தச் சிந்தனைக்குப் பின்னால் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. புள்ளியியலுக்காக உலகெங்கும் புழங்கும் ‘ஆர்’ நிரல்மொழியை ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990-களில் உருவாக்கியது அங்கேதான். அதே துறையின் கிறிஸ் வைல்ட், மாக்சின் ஃபான்குச் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, புள்ளியியலைச் சூத்திரங்களாகப் பார்க்காமல் கேள்வி கேட்டு விடை தேடும் ஒரு சிந்தனை முறையாகப் பார்க்கச் சொன்னது.

தமிழ்நாட்டில் நிகழ்தகவு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி இயல். தேர்வு நெருங்கும் வேளையில் கட்டை உருட்டிப் பார்க்க நேரம் ஏது? சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்கும் சூத்திரம்தான் மாணவர் மனத்தில் தங்குகிறது. சூத்திரத்தை முன்வைக்கும் இந்த வரிசை தலைகீழ் என்றே நினைக்கிறேன். அதிலும், வீட்டிலேயே தாயக்கட்டை வைத்திருக்கும் நமக்கு இந்த நிலை வந்திருக்கவே கூடாது.

பித்தளைத் தாயக்கட்டை ஒன்றில் நான்கு முகங்கள்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளுக்கு 16 விளைவுகள். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். பரவலான விதியில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. எண்ணிப் பாருங்கள். 16-இல் 3 விழ நான்கு வழிகள், 2-க்கும் 4-க்கும் மும்மூன்று. தாயம் எனப்படும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. மறு ஆட்டம் கிடைப்பது எவற்றுக்கு? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அரிதாக விழும் இந்த நான்கு எண்களுக்கும்தான் பரிசு. அடிக்கடி விழும் மூன்றுக்கு ஒன்றும் கிடையாது. காய் இறக்கத் தாயம் கேட்டுக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு உருட்டலிலும் எட்டில் ஒரு வாய்ப்பு. இந்த விதியை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் தலைமுறை தலைமுறையாக உருட்டி அறிந்திருக்க வேண்டும்.

அதே ஆட்டத்தைச் சோழியில் ஆடினால் கதை வேறு. சோழி குப்புற விழுமா, மல்லாந்து விழுமா? இரண்டே விளைவுகள் என்பதால் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட முடியாது. சோழியின் முதுகும் வயிறும் ஒன்றுபோல் இல்லை. எண்ணி அறிய வழியே இல்லாததால், நூறு முறை, இருநூறு முறை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போதும் கிடைப்பது மதிப்பீடு மட்டுமே. அடுத்த சோழிக்கு அது மாறும்.

மழை, கட்டையைவிடச் சோழிக்கு நெருக்கமானது: அதன் வாய்ப்பையும் பதிவுகளிலிருந்து மதிப்பிடத்தான் முடியும். 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள ஆல்பர்ட் பூங்காவில் 24 மணி நேரத்துக்குள் 280 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆக்லாந்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். இது குறைந்தது 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழை என்றது நியூசிலாந்தின் நீர், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நிவா. இதைக் கேட்டவுடன், ‘இனி 200 ஆண்டு கவலை இல்லை’ என்று தோன்றினால் அது தவறு. அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அப்படி ஒரு மழைக்கு அதிகபட்சம் 200-இல் 1 வாய்ப்பு என்பதுதான். முன்பு என்ன விழுந்தது என்று பகடை நினைவில் வைப்பதில்லை. 30 ஆண்டுக் கடனில் ஒருவர் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அத்தகைய மழையைக் காணும் வாய்ப்பு எவ்வளவு? 200-இல் 1 என்றே கொண்டு, ஓர் ஆண்டில் தப்பிக்கும் வாய்ப்பான 0.995-ஐ முப்பது முறை பெருக்கி, 1-இலிருந்து கழித்தால் கிடைப்பது ஏறக்குறைய 14 விழுக்காடு. எட்டில் ஒன்றான தாயத்தைவிட இது சற்று அதிகம். தாயம் விழுந்து நாம் பார்க்காததா?

அந்த 200-உம் கல்லில் பொறித்த எண் அல்ல. கடந்த காலப் பதிவுகளைக் கொண்டு போட்ட மதிப்பீடு அது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பழைய பதிவுகள் புதிய வானத்துக்கு முழுமையாகப் பொருந்தாது. நியூசிலாந்தின் மேல்நிலை வகுப்புகளில் மூன்றைப் பிரித்துப் பார்க்கக் கற்பிக்கிறார்கள்: உண்மையான நிகழ்தகவு, கணித மாதிரி தரும் மதிப்பீடு, சோதனையும் பதிவும் தரும் மதிப்பீடு. மழை விஷயத்தில் நம் கையில் இருப்பவை பின்னிரண்டு மட்டுமே.