அழுகிற பிள்ளையின் விசுவாசம்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



ஆண்டவர் சிறு பிள்ளைகளை அணைத்துக்கொண்ட மாற்கு 10-ஆம் அதிகாரப் பகுதியை வைத்து நான் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். பிள்ளையைப் போல வரவேண்டும் என்றால் கள்ளங்கபடின்றி, முரண்டு பிடிக்காமல், சொன்னபடி கேட்பது என்றே விளக்கம் சொல்லிவந்தேன். குழந்தைகள் வார்டில் ஊழியம் செய்யத் தொடங்கிய பிறகு அந்தக் குறிப்புகளை எடுத்துப் பார்க்கவே கூச்சமாயிருக்கிறது. மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து, சிஸ்டர் நகர்ந்ததும் ஜன்னல் வழியே துப்புகிறவர்களா கள்ளங்கபடற்றவர்கள்!

இதே சம்பவத்தை எழுதும் லூக்கா (18:15), 'பிரெஃபே' என்ற கிரேக்கச் சொல்லை உபயோகிக்கிறார். அதற்குக் கைக்குழந்தைகள் என்று பொருள். அவர்கள் தாங்களாக நடந்து வரவில்லை, பிறர் தூக்கி வந்தார்கள். கைக்குழந்தையிடம் என்ன நற்குணத்தைத் தேடுவது? அதற்குத் தெரிந்தது ஒன்றே. தேவை வந்தால் அழும். யாரோ வருவார்கள் என்று அழும்.

இதை நான் செமினரியில் கற்றுக்கொள்ளவில்லை. ஆறு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கற்றேன்.

கொதிக்கிற கஞ்சி கவிழ்ந்து, வயிறும் தொடையும் வெந்துபோய் வந்தான். தாய் செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறவள். வீட்டில் இன்னொரு கைப்பிள்ளை. இரண்டு நாள் உடனிருந்து, மூன்றாம் நாள் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாள். தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, வலி மருந்து கொடுத்த பின்னும், பெரியவர்களே கதறுகிற காரியம். அவன் என்னிடம் வலிக்குமா என்று கேட்கவில்லை. "தாத்தா, நீங்க இங்கேயே இருப்பீங்களா?" என்று கேட்டான். இருப்பேன் என்றேன்.

மறுநாள் ஒரு கமிட்டிக் கூட்டம். அதற்கடுத்த நாளும் கூட்டம். நான் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது பயிற்சி நர்ஸ் ஒருத்தி, "பையன் இப்ப ரொம்பச் சமர்த்து ஐயா, கட்டு மாத்துறப்போ அழறதே இல்லை" என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். வார்டு சிஸ்டர் மட்டும் மெதுவாக, "அழாததுதான் ஐயா எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள். பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

சிஸ்டருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில், குழந்தையைப் பார்க்கப் பெற்றோருக்கு வாரத்தில் ஓரிரு மணி நேரமே அனுமதி. அம்மா வந்தால் பிள்ளை அழும், வராவிட்டால் அமைதியாகிவிடும், ஆகவே வராமலிருப்பதே நலம் என்பது அவர்கள் கணக்கு. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியைப் படமெடுத்து 1952-இல் வெளியிட்டார். தாயைப் பிரிந்த பிள்ளை முதலில் கதறும். பின்பு சோர்ந்து அடங்கும். கடைசியில் தாய் வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும். அமைதி என்று எண்ணப்பட்டது, வருவார்கள் என்கிற நம்பிக்கை அற்றுப்போனதன் அடையாளமே என்று அவர் எடுத்துக்காட்டினார். வெகு எதிர்ப்புக்குப் பின், 1959-இல் அந்நாட்டு அரசாங்கக் குழுவின் அறிக்கையும் பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கும்படி சிபாரிசு செய்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குச் செய்த துரோகம் ஒருபுறம். மறுபுறம் என் சொந்த ஜெபம். என் மனைவி ஆண்டவருக்குள் நித்திரையடைந்த பிறகு நான் ஒருநாளும் தேவ சமுகத்தில் அழுததில்லை. போதகர் அசையாமல் நிற்கிறார் என்று சபையார் மெச்சினார்கள். நானும் அதை விசுவாசம் என்றே நினைத்திருந்தேன். சங்கீதப் புத்தகத்தில் முறையீடுகள் எத்தனை! சிலுவையில் நமதாண்டவரே சத்தமிட்டு, ஏன் என்று பிதாவைக் கேட்கவில்லையா? சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது அந்தப் பையன் மட்டுமல்ல.

மறுநாள் முதல் கட்டு மாற்றும் நேரத்தில் வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அவன் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி எறிந்து, "ஏன் வரல?" என்று வார்டே அதிரும்படி அழுதான். சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் அழுதேன். வெகு நாளைக்குப் பின் அன்றிரவு ஜெபத்திலும் அழுதேன்.

அந்த வாரமே அவன் தாய்க்கு ஆள் அனுப்பினோம். பஸ் கட்டணமும், தங்கிய நாட்களுக்கு மூன்று வேளை உணவும், இழந்த கூலிக்கு ஒரு சிறு தொகையும் நீங்கள் அனுப்பும் காணிக்கையிலிருந்தே கொடுக்கப்பட்டன. கைப்பிள்ளையைத் தீப்புண் அறைக்குள் விடமாட்டார்கள். ஆகவே அவள் உள்ளே மகனோடிருக்கும் நேரமெல்லாம், அதைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் உலாத்துவது என் ஊழியமாயிற்று. உள்ளே அண்ணன் அலற, வெளியே தம்பியும் சேர்ந்து அலறுவான்.

பையன் வீடு திரும்பிவிட்டான். தழும்பு இறுகாதபடி மாதந்தோறும் காட்ட வருகிறான். இன்று அதே கட்டிலில் வேறொரு சிறுமி. அவள் தாயும் நாளை ஊருக்குப் போகவேண்டும் என்கிறாள். உங்கள் ஜெபத்தில் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்