திரையில் எரியட்டும் மோட்டார்!



எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். போன கோடையில், சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வாழைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் நின்றுபோனது.

"ஏலே, நீ கரண்டுக்குத்தான படிக்க, என்னன்னு பாரு" என்றார் அப்பா.

சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். ஓவர்லோடு ரிலேயை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு நேரடியாக இணைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கருகல் வாடை வந்தது. காயில் போச்சு!

மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராமல் போவதே 'சிங்கிள் பேசிங்'. அந்தப் பாடத்தைக் கணினியில் படித்து நல்ல மார்க்கும் வாங்கியவன்தான் நான். ஆனால் அந்தப் பாடம் ஒரு தடவைகூட, "இப்போ நீ என்ன செய்வே?" என்று என்னைக் கேட்டதில்லை.

அப்படிக் கேட்கும் பாடத்தை எப்படி அமைப்பது?

முதலில் சம்பவம். திரையில் கிணற்றடி, உறுமும் மோட்டார், பதறும் விவசாயி. விளக்கம் அப்புறம்.

அடுத்தது முடிவு. மறுபடி சுவிட்ச் போடுவதா, பெரிய ஃபியூஸ் கட்டுவதா, நிறுத்திவிட்டு மூன்று முனையிலும் வோல்டேஜ் அளப்பதா? தவறான வழிகள், நாம் நிஜமாகவே செய்யும் தவறுகளாக இருக்கவேண்டும்.

மூன்றாவது விளைவு. 'தவறு' என்று சிவப்பு எழுத்தில் காட்டினால் போதாது. அம்மீட்டர் முள் ஏறவேண்டும், புகை வரவேண்டும்.

கடைசியில்தான் காரணம். பிறகு சூழலை மாற்றிக் கேட்கவேண்டும். ஓடும்போதே ஒரு முனை போனால்? மோட்டார் நிற்காது. அதே பளுவுக்கு மற்ற இரு முனைகளில் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்கு ஏறும். காயில் சூடேறிக் கருகும்.

இது புது யோசனை அல்ல. 1929இல் எட்வின் லிங்க் அமெரிக்காவில் செய்த பயிற்சி விமானம் தரையைவிட்டுக் கிளம்பவே இல்லை. ஆனால் இரண்டாம் உலகப்போரில் ஏராளமான விமானிகள் அதில்தான் பழகினார்கள். தவறு செய்தவரும் எழுந்து வந்து மறுபடி உட்காரலாம்! நம் நாட்டிலும் மத்திய அரசின் 'வர்ச்சுவல் லேப்ஸ்' தளத்தில் பல சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம்.

அன்று அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி விடுலே" என்று மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுபோனார். அதுதான் சுட்டது.

நண்பர்களே, கணினி இல்லாவிட்டால் அட்டையில் எழுதலாம். ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் அட்டை. நம் ஒவ்வொருவரிடமும் ஒரு கருகிய மோட்டார் கதை இருக்கும். அதை நம் ஜூனியர்களுக்குப் பாடமாக்குவோம். அவர்களுடைய மோட்டார் திரையிலேயே எரியட்டும். தோட்டத்தில் தண்ணீர் பாயட்டும்!